பெரோஸ் காந்தி: ஒரு பின்வரிசை எம்.பி.யின் நாடாளுமன்றப் பணி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரோஸ் காந்தி யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1912 செப்டம்பர் 12 அன்று பம்பாயில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தவர். வளர்ந்தது அலகாபாத்தில், அங்கே மருத்துவராக இருந்த அத்தை ஷிரின் கமிஸாரியட்டின் வீட்டில். 1930-ல் யூயிங் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, கல்லூரி வாசலில் மறியல் செய்த கமலா நேருவைப் பார்த்துப் படிப்பை விட்டுவிட்டுப் போராட்டத்துக்கு வந்தார். பலமுறை சிறை சென்றார். இடையில் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் படித்தார். 1942 மார்ச் 26 அன்று அலகாபாத்தில் இந்திராவை மணந்தார். 1946 முதல் லக்னோவில் 'நேஷனல் ஹெரால்ட்' பத்திரிகையின் நிர்வாக இயக்குநர். 1950 முதல் தற்காலிக நாடாளுமன்றத்தின் உறுப்பினர். 1952, 1957 தேர்தல்களில் ரேபரேலி பகுதியிலிருந்து மக்களவைக்கு வந்தார். 1960 செப்டம்பர் 8 அன்று டெல்லி வில்லிங்டன் மருத்துவமனையில் மாரடைப்பால் இறந்தார். அடுத்த நான்காம் நாள் அவருக்கு 48 வயது நிறைந்திருக்கும்.

நேருவின் மருமகன், இந்திராவின் கணவர், ராஜீவ், சஞ்சய் இருவரின் தந்தை என்ற அறிமுகத்தோடு பெரும்பாலானவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். அவர் அமைச்சராக ஒருநாளும் இருந்ததில்லை. மக்களவையில் அவர் தீவிரமாகச் செயல்பட்ட காலம் ஐந்து ஆண்டுக்கும் குறைவு. அதற்குள் ஒரு சட்டம், ஒரு நிதியமைச்சரின் ராஜினாமா, ஒரு தொழிலின் தேசியமயம் ஆகிய மூன்றிலும் அவருடைய கை இருந்தது. அதனால்தான் அவரை எம்.பி. என்ற முறையில் தனியாகப் படிக்க வேண்டும்.

மகாத்மா காந்திக்கு உறவினரா? முஸ்லிம் என்று சமூக ஊடகங்களில் வருகிறதே?

இரண்டும் இல்லை. தந்தை ஜஹாங்கீர், தாய் ரத்திமாய். ஜரதுஷ்டிர மதத்தைச் சேர்ந்த பார்சிகள். 'காந்தி' என்பது குஜராத்தி பேசும் பல சமூகங்களில் உள்ள குடும்பப் பெயர், பார்சிகளிடமும் உண்டு. மகாத்மா அவரைத் தத்தெடுத்தார் என்பதும் கட்டுக்கதை. 'பெரோஸ் கான்' என்று சுற்றும் செய்திக்கு எந்த ஆவண ஆதாரமும் கிடையாது.

1952-ல் அவர் நின்ற தொகுதி ரேபரேலிதானா?

அதிகாரபூர்வமான பெயர் நீளமானது: பிரதாப்கர் மாவட்டம் மேற்கு, ரேபரேலி மாவட்டம் கிழக்கு இரண்டும் சேர்ந்த தொகுதி. 1957-ல்தான் அது 'ரேபரேலி' ஆனது. அன்று இவை இரட்டை உறுப்பினர் தொகுதிகள். பெரோஸ் காந்தி பொது இடத்திலும், பைஜ்நாத் குரீல் பட்டியல் சாதியினருக்கான இடத்திலும் வென்றார்கள். ஒரே தொகுதிக்கு இரண்டு உறுப்பினர்களின் பெயர்களைப் பார்த்து ஏதோ பிழை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரட்டை உறுப்பினர் முறை 1961-ல் சட்டம் இயற்றி ஒழிக்கப்பட்டது.

முதல் மூன்று ஆண்டுகள் அவர் அவையில் பெரிதாகப் பேசவே இல்லையா?

பேர் சொல்லும்படி பேசவில்லை. அவர் பெயர் நாடு முழுக்கத் தெரிந்தது 1955 டிசம்பரில், இன்சூரன்ஸ் சட்டத் திருத்த மசோதா விவாதத்தில். அதற்கு முந்தைய காலம் வீணாகவில்லை. பத்திரிகை நிர்வாகத்தில் கணக்கு வழக்கு பார்த்துப் பழகியவர் என்பதால், கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளையும் இருப்புநிலைக் கணக்குகளையும் படிக்கத் தெரிந்திருந்தது. அன்றைய அவையில் அது அரிதான திறமை.

அந்த 1955 பேச்சில் என்ன இருந்தது?

ராமகிருஷ்ண டால்மியா குழுமத்தின் கையில் இருந்த பாரத் இன்சூரன்ஸ் கம்பெனி. பாலிசிதாரர்கள் கட்டிய பிரீமியம் அந்தக் கம்பெனியிலிருந்து எந்தெந்த நிறுவனத்துக்கு எப்படிப் போனது என்று ஒவ்வொரு படியாகக் காட்டினார். 'தனியார் முதலாளிகள் கொள்ளையடிக்கிறார்கள்' என்று பொதுவாகப் பேசியிருந்தால் மறுநாளே மறந்திருப்பார்கள். அவர் பேசியது ஒரே ஒரு கம்பெனியைப் பற்றி, அதன் சொந்தக் கணக்கை வைத்து. எதிர்த்தரப்புக்கு மறுக்க இடமே இல்லாமல் போனது.

1956 ஜனவரி 19 அன்று அவசரச் சட்டம் மூலம் ஆயுள் காப்பீட்டுத் தொழிலை அரசு எடுத்துக்கொண்டது. இந்தியக் கம்பெனிகள், வெளிநாட்டுக் கம்பெனிகள், பிராவிடண்ட் சொசைட்டிகள் எல்லாம் சேர்த்து 245 நிறுவனங்கள். அவற்றை இணைத்து அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று எல்.ஐ.சி. உருவானது. தேசியமயத்துக்கு அவர் பேச்சு மட்டுமே காரணம் என்று எழுதுவது மிகை. அந்த யோசனை முன்பே அரசிடம் இருந்தது. அதற்குச் சான்றோடு கூடிய நியாயத்தை மக்கள் முன் வைத்தவர் அவர். டால்மியா மீது வழக்கு நடந்து, இரண்டு கோடி ரூபாய்க்கும் மேலான கையாடலுக்காக இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை உறுதியானது.

'பெரோஸ் காந்தி சட்டம்' என்று பத்திரிகையாளர்கள் சொல்வது எது?

1956-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டம்: நாடாளுமன்ற நடவடிக்கைகளை வெளியிடுவதற்குப் பாதுகாப்பு அளிக்கும் சட்டம். 1956 மே 26 முதல் அமலுக்கு வந்தது.

அதன் தேவை அன்றைய சட்ட நிலையிலிருந்து வந்தது. அரசியல் சட்டத்தின் 105-ஆவது பிரிவுப்படி, அவையில் பேசியதற்காக ஓர் எம்.பி. மீது எந்த நீதிமன்றத்திலும் வழக்குப் போட முடியாது. அவையின் அதிகாரத்தின்கீழ் அச்சிடப்படும் அவைக்குறிப்புக்கும் அதே பாதுகாப்பு உண்டு. ஆனால் அதே பேச்சை மறுநாள் காலை ஒரு நாளிதழ் போட்டால், அந்த ஆசிரியருக்கு இந்தப் பிரிவில் பாதுகாப்பு இல்லை. அவதூறு வழக்கை அவர் தனியே சந்திக்க வேண்டும். பெரிய தொழிலதிபரின் பெயர் அடிபடும் பேச்சு என்றால் எந்த ஆசிரியரும் இரண்டு முறை யோசிப்பார். எம்.பி.யின் பேச்சு சுதந்திரம் அவையின் நான்கு சுவருக்குள் நின்றுவிடும். இன்சூரன்ஸ் பேச்சு முடிந்த சில மாதங்களிலேயே, இதைச் சரிசெய்யப் பெரோஸ் காந்தி கொண்டுவந்த மசோதா சட்டமானது.

அந்தச் சட்டம் எதைப் பாதுகாத்தது, எதைப் பாதுகாக்கவில்லை?

இதில்தான் இன்றும் பலர் தவறு செய்கிறார்கள்.

இரு அவைகளில் எதன் நடவடிக்கை பற்றியும், உண்மைக்குப் பெரிதும் ஒத்துப்போகும் அறிக்கையை ஒரு செய்தித்தாள் வெளியிட்டால், அதற்காக உரிமையியல் வழக்கோ குற்றவியல் வழக்கோ நிற்காது. வரிக்கு வரி அப்படியே போட வேண்டும் என்பதில்லை; சாரம் திரியாமல் இருந்தால் போதும். செய்தி நிறுவனங்களுக்கும் பொருந்தும். வானொலி ஒலிபரப்புக்கும் பொருந்தும். இரண்டு நிபந்தனைகள்: வெளியீடு தீய நோக்கத்தோடு செய்யப்பட்டதாக நிரூபிக்கப்படக் கூடாது; பொது நன்மைக்கானதாக இருக்க வேண்டும்.

பேச்சை ஒட்டி ஆசிரியர் சேர்க்கும் சொந்தக் குற்றச்சாட்டுக்கு இது கவசம் ஆகாது. மாநிலச் சட்டமன்ற நடவடிக்கைகளுக்கு 1956 சட்டம் பொருந்தவில்லை. தன் உரிமையை மீறியவரைத் தண்டிக்க அவைக்கு இருக்கும் அதிகாரத்திலிருந்தும் இது காப்பாற்றாது. நீதிமன்ற வழக்கிலிருந்து மட்டுமே காப்பாற்றும். அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்ட பகுதியை வெளியிட்டால் அவை நடவடிக்கை எடுக்கலாம் என்பது 1958 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த 'சர்ச்லைட்' பத்திரிகை வழக்கில் தெளிவானது. அது பீகார் சட்டமன்றம் சம்பந்தப்பட்ட வழக்கு.

அந்தச் சட்டம் இப்போதும் இருக்கிறதா?

1956 சட்டம் இல்லை. நெருக்கடி நிலையின்போது, 1975 டிசம்பரில், இந்திரா காந்தி அரசு அவசரச் சட்டம் மூலம் அதை நீக்கியது. 1976-ல் அந்த நீக்கமும் சட்டமானது. 1977-ல் ஜனதா அரசு அதே உள்ளடக்கத்தோடு புதுச் சட்டம் கொண்டுவந்தது. 1978-ஆம் ஆண்டின் 44-ஆவது திருத்தம் அரசியல் சட்டத்திலேயே 361-ஏ பிரிவைச் சேர்த்து, மாநிலச் சட்டமன்றங்களுக்கும் பாதுகாப்பை விரித்தது. ரகசியக் கூட்டத்தின் நடவடிக்கைகளுக்கு மட்டும் விலக்கு. ஒரு தனி எம்.பி. கொண்டுவந்த சிறிய மசோதா 22 ஆண்டுகளில் அரசியல் சட்டத்துக்குள் போய்ச் சேர்ந்தது. இவ்வளவு நீண்ட பயணம் வேறெந்தத் தனிநபர் மசோதாவுக்கும் வாய்த்ததாகத் தெரியவில்லை.

ஆளுங்கட்சி எம்.பி. கொண்டுவந்தது எப்படித் தனிநபர் மசோதா ஆகும்?

அமைச்சராக இல்லாத எந்த எம்.பி.யும் நாடாளுமன்ற விதிகளின்படி தனி உறுப்பினர்தான். கட்சி எது என்பது பொருட்டல்ல. முறை இப்படி இருக்கும்: ஒரு மாத முன்னறிவிப்போடு மசோதாவையும் அதன் நோக்க விளக்கத்தையும் செயலகத்தில் கொடுக்க வேண்டும். அரசு நிதியிலிருந்து செலவு பிடிக்கும் மசோதா என்றால் நிதிக் குறிப்பும் தேவை. அரசியல் சட்டத்தின் 117-ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவரின் பரிந்துரையும் தேவைப்படும். பெரும்பாலான தனிநபர் மசோதாக்கள் தடுக்கி விழும் இடங்களில் இது ஒன்று. அறிமுகம் ஆன பிறகு எது முதலில் விவாதத்துக்கு வரும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். மக்களவையில் அதற்கான நேரம் வெள்ளிக்கிழமை கடைசி இரண்டரை மணி நேரம். விவாதம் முடிவதற்குள் அவையின் காலம் முடிந்துவிட்டால் மசோதா காலாவதி.

சுதந்திரத்துக்குப் பிறகு இதுவரை 14 தனிநபர் மசோதாக்களே சட்டமாகியிருக்கின்றன. கடைசியாக ஆனது 1970-ல். பெரோஸ் காந்தியின் மசோதா செலவு எதுவும் பிடிக்காதது, சில பிரிவுகளில் முடிவது, ஒரே ஒரு ஓட்டையை அடைப்பது. அது தேறியதற்கு இந்த வடிவமைப்பும் ஒரு காரணம். நூறு பிரிவுகளோடு சமூகத்தையே மாற்றும் மசோதா கொண்டுவரும் எம்.பி.க்கள் இதைக் கவனிக்கலாம்.

முந்த்ரா விவகாரம் என்ன? படிப்படியாகச் சொல்லுங்கள்.

கல்கத்தாவைச் சேர்ந்த ஹரிதாஸ் முந்த்ரா கடனில் மூழ்கிக்கொண்டிருந்த தொழிலதிபர், பங்குச் சந்தைச் சூதாடி. 1957 ஜூன் கடைசியில், அவருக்குத் தொடர்புள்ள ஆறு கம்பெனிகளின் பங்குகளை எல்.ஐ.சி. சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது. ரிச்சர்ட்சன் குருடாஸ், ஜெஸ்ஸாப், ஸ்மித் ஸ்டானிஸ்ட்ரீட், ஆஸ்லர் லாம்ப்ஸ், ஏஞ்சலோ பிரதர்ஸ், பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன் ஆகியவை அவை. சந்தையில் வாங்கவில்லை, முந்த்ராவிடமே நேரடியாகப் பேரம் பேசி வாங்கியது. எல்.ஐ.சி.க்கென்று முதலீட்டுக் குழு இருந்தது. அதைக் கேட்காமலேயே பேரம் முடிந்தது.

1957 செப்டம்பரில் காங்கிரஸ் எம்.பி. ராம் சுபக் சிங் இதைப் பற்றிக் கேள்வி கேட்டார். நிதியமைச்சகத்தின் பதில் நேராக இல்லை. நவம்பர் 29 அன்று மீண்டும் கேள்வி வந்தபோது, நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியை (டி.டி.கே.) உறுப்பினர்கள் துணைக் கேள்விகளால் துளைத்தார்கள். முதலீட்டு முடிவை எடுத்தது யார் என்ற ஒற்றைக் கேள்விக்கு அவைக்கு ஒரே மாதிரியான பதில் கிடைக்கவில்லை. டிசம்பர் 16 அன்று பெரோஸ் காந்தி விவாதத்தைத் தொடங்கினார்.

அவர் வைத்திருந்தவை இரண்டு. முதலாவது, அந்த ஆறு பங்குகளின் சந்தை விலை, தேதி வாரியாக: பேரத்துக்கு முந்தைய நாட்களில் எவ்வளவு, எல்.ஐ.சி. கொடுத்தது எவ்வளவு, பிறகு எவ்வளவு இறங்கியது. இரண்டாவது, நிதியமைச்சருக்கும் அவருடைய முதன்மைச் செயலர் எச்.எம். படேலுக்கும் இடையிலான ரகசியக் கடிதப் போக்குவரத்து. விலைப் பட்டியல் யாருக்கும் கிடைக்கக்கூடியது, கடிதங்கள் கிடைக்காதவை. யார் கொடுத்தார்கள் என்று அவர் வெளியிடவில்லை. ரகசியக் கடிதம் இல்லாமலேயே, பொதுவில் கிடைத்த விலைப் பட்டியல் மட்டுமே பாதி வழக்கை முடித்துவிட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அரசு சொன்ன சமாதானம் என்ன? அது ஏன் எடுபடவில்லை?

கல்கத்தா பங்குச் சந்தை சரிந்துகொண்டிருந்தது, அதைத் தாங்கிப் பிடிக்கவே வாங்கினோம் என்றார்கள். சந்தையைத் தாங்க வேண்டுமென்றால் பல கம்பெனிகளின் நல்ல பங்குகளைச் சந்தையில் இறங்கி வாங்க வேண்டும். ஒரே மனிதரின் பங்குகளை, சந்தைக்கு வெளியே, அவரிடமே வாங்கினால் பணம் அவருடைய கடனுக்குத்தான் போகும். பிறகு இந்த விவகாரத்தை விசாரித்த நீதிபதி சாக்ளாவும் இந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை.

சாக்ளா கமிஷன் எப்படி நடந்தது?

பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா ஒருநபர் கமிஷனாக 1958 ஜனவரியில் நியமிக்கப்பட்டார். பிப்ரவரி 10 அன்று அறிக்கை தயார். ஆண்டுக்கணக்கில் இழுக்கும் கமிஷன்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது நம்ப முடியாத வேகம். விசாரணை வெளிப்படையாக நடந்தது. உள்ளே இடம் இல்லாதவர்களுக்காக வெளியே ஒலிபெருக்கி வைத்தார்கள். அட்டர்னி ஜெனரல் எம்.சி. செடல்வாட் கமிஷனுக்கு உதவினார். நிதியமைச்சர், படேல், எல்.ஐ.சி. தலைவர் ஜி.ஆர். காமத், நிர்வாக இயக்குநர் எல்.எஸ். வைத்தியநாதன், ரிசர்வ் வங்கி கவர்னர் எச்.வி.ஆர். ஐயங்கார் என்று முக்கியமானவர்கள் எல்லாரும் சாட்சி சொன்னார்கள்.

அறிக்கையில் இன்றும் மேற்கோள் காட்டப்படுவது அமைச்சரின் பொறுப்பு பற்றிய பகுதி. அதிகாரி செய்தார், எனக்குத் தெரியாது என்று அமைச்சர் ஒதுங்க முடியாது; தன் செயலரின் செயலுக்கு அமைச்சரே நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அடுத்தது அரசு தலையீடு பற்றியது. எல்.ஐ.சி. சட்டத்தின் 21-ஆவது பிரிவின்படி, பொதுநலன் சார்ந்த கொள்கை விஷயங்களில் அரசு எழுத்து மூலம் உத்தரவிடலாம். இந்தப் பேரத்தில் அப்படி ஓர் எழுத்து உத்தரவு இல்லை. தலையிட விரும்பினால் எழுத்தில் தலையிடு, இல்லையென்றால் விலகி நில் என்பதே சாக்ளாவின் நிலை.

டி.டி.கே. ஊழல் செய்தாரா?

முந்த்ராவிடம் அவர் பணம் வாங்கினார் என்று கமிஷன் சொல்லவில்லை. தென்சென்னையின் எம்.பி.யாக இருந்த அவர் அரசியல் சட்டப்படியான பொறுப்பை ஏற்று 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். இந்த விஷயத்தில் அவருடைய பங்கு மிகச் சிறியது என்று நேரு அவருக்கு எழுதினார். 1962-ல் அமைச்சரவைக்குத் திரும்பி, 1963-ல் மறுபடி நிதியமைச்சரானார். தமிழில் எழுதுபவர்களில் சிலர் அவரைக் குற்றவாளியாகவும் சிலர் பலிகடாவாகவும் காட்டுகிறார்கள். அறிக்கை இரண்டையும் சொல்லவில்லை. பொறுப்பையும் குற்றத்தையும் பிரித்துப் பார்த்தது. முந்த்ரா சிறைக்குப் போனார். எச்.எம். படேல் அரசுப் பணியை விட்டு அரசியலுக்கு வந்து, 1977-ல் அவரே நிதியமைச்சரானார்.

பிரதமரின் மருமகன் என்பதால்தானே இதெல்லாம் முடிந்தது?

நுழைவுக்கும் பாதுகாப்புக்கும் அந்த உறவு உதவியிருக்கும், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் விலையையும் பார்க்க வேண்டும். அவர் தாக்கியது மாமனாரின் அமைச்சரவையை, அதுவும் நேருவுக்கு நெருக்கமான நிதியமைச்சரை. இந்திரா பிரதமர் இல்லமான தீன்மூர்த்தி பவனில் தந்தையோடு இருந்தார், பெரோஸ் எம்.பி.க்கான அரசு வீட்டில் தனியாக இருந்தார். 1959-ல் கேரளத்தின் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையிலான கம்யூனிஸ்ட் அரசைக் கலைக்க, காங்கிரஸ் தலைவராக இருந்த இந்திரா வலியுறுத்தினார். பெரோஸ் அதை எதிர்த்தார். பார்சி சமூகத்தவரான டாடாவின் டெல்கோ நிறுவனம் ரயில் எஞ்சின்களுக்கு அதிக விலை வாங்குகிறது என்று சொல்லி, அதையும் தேசியமயமாக்கக் கேட்டார். உறவையும் சமூகத்தையும் பார்த்துப் பேசும் ஆளாக அவர் இருக்கவில்லை.

இன்று ஆளுங்கட்சி எம்.பி. ஒருவர் இப்படிச் செய்ய முடியுமா?

கட்சித் தாவல் தடைச் சட்டம் என்னும் பத்தாவது அட்டவணை 1985-ல் வந்தது. கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகலாம். கேள்வி கேட்பதற்கும் விமர்சித்துப் பேசுவதற்கும் அந்தச் சட்டத்தில் நேரடித் தடை இல்லை. நடைமுறைத் தடை வேறிடத்தில் இருக்கிறது: விவாதத்தில் யார் பேசுவது என்ற பட்டியலைக் கட்சிகளே கொடுக்கின்றன. பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு நேரம் கிடைப்பது கடினம். எஞ்சி இருப்பவை அவையில் வாய்மொழிப் பதில் பெறும் நட்சத்திரக் குறியிட்ட கேள்வி, எழுத்துப்பூர்வ பதில் பெறும் கேள்வி, அவசரப் பொதுப் பிரச்சினைகளை எழுப்பும் பூஜ்ய நேரம், தனிநபர் மசோதா. முந்த்ரா விவகாரமும் ஒரு கேள்வியில்தான் தொடங்கியது என்பதால் இவற்றை அற்பமாக நினைக்கக் கூடாது.

அந்த விவாதங்களை மூலத்தில் படிப்பது எப்படி?

நாடாளுமன்ற டிஜிட்டல் நூலகத்தில் பழைய அவைக்குறிப்புகள் ஸ்கேன் செய்து வைக்கப்பட்டிருக்கின்றன, கட்டணம் இல்லை. பெயரை வைத்துத் தேடுவதைவிடத் தேதியை வைத்துத் தேடுவது நல்லது. பழைய அச்சிலிருந்து எடுத்த எழுத்துகள் பல இடங்களில் தவறாகப் பதிவாகியிருப்பதால் பெயர்த் தேடல் பாதியைத் தவறவிடும். இரண்டாம் மக்களவை, மூன்றாவது கூட்டத்தொடர், 1957 டிசம்பர் 16 என்று போனால் முந்த்ரா விவாதம். நவம்பர் 29-ஐ முதலில் படித்துவிட்டு வந்தால் பேச்சின் சரடு பிடிபடும்.

1955 பேச்சுக்கு முதல் மக்களவையின் அவைக்குறிப்புத் தொகுதிகளுக்குப் போக வேண்டும். அந்தக் காலத்துத் தொகுதிகள் பெரும்பாலும் இரண்டு பகுதிகளாக அச்சானவை: கேள்வி நேரம் ஒன்றில், மற்ற நடவடிக்கைகள் இன்னொன்றில். முதல் பகுதியை மட்டும் திறந்து பார்த்துவிட்டு பேச்சு இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இன்சூரன்ஸ் மசோதா விவாதம் இரண்டாம் பகுதியில் இருக்கும்.